கதவடி இரும்பு

முதல் பள்ளம் விழுந்தது ஆடியில்.
மாறாமலை ஏறும் வழி, மூன்றாம் வளைவு.
ஓடை உருட்டிவிட்ட கல் ஒன்று
கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை
உள்பக்கமாய் மடித்துவிட்டது.
அன்றுமுதல் இடதுபக்கக் கதவு
தூக்கிப் பிடித்தால்தான் சாத்தும்.

விஜின் ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தான்,
பளபளவென்று, மேலே ரப்பர் பட்டை ஒட்டி.
கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தினால் அழகு.
கீரிப்பாறை தாண்டி ஒரு கல் தொட்டதும்
அது வளைந்து,
காக்க வந்த தகட்டையே கிழித்துக்கொண்டு உள்ளே போனது.
பாடியில் நாலு போல்ட்டில் தொங்கவிட்டிருந்தார்கள்.

குலசேகரத்தில் சுகிர்தனின் பட்டறைக்குப் போனேன்.
படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
எழும்பாமலே சொன்னான்:
"பாடி வெறும் பேப்பராக்கும் அக்கா.
சேசிஸ்ல பிடிக்கணும்.
வண்டிய ஜாக்கி வச்சுத் தூக்கினாலும் தாங்கணும்.
உருட்டுக் குழாயா, சதுரமா?"

உருட்டு கல்லில் வழுக்கிக் கொடுக்கும்.
சதுரம் லேசில் வளையாது.
நான் வேறு கணக்கில் இருந்தேன்:
இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தைந்து கிலோ.
கிராம்பு மூட்டை ஒன்று குறையும்,
அல்லது ரோஸிலி இறங்கி நடக்க வேண்டும்.

கடைசியில் சதுரம் உள்ளே, உருட்டு வெளியே.
வெளிக்குழாய் சற்று மேல்நோக்கி,
ரப்பர் மரம் நெருங்கினால்
கதவுக்கு முன்னால் அது போய் முட்டட்டும் என்று.
தகட்டுக்கும் இரும்புக்கும் இரண்டு விரல் இடைவெளி.
"பாடி ஆடும். ஆட விடணும்."
முனைகளை மூடிப் பற்றவைத்தான்.
பிறகு அடியில் ஒரு சின்னத் துளை போட்டான்.
மூடிய பிறகு எதற்குத் துளை?
"மழை எப்படியும் உள்ள போவும்.
வெளிய வர வழி வேணும்லா."

நசுங்கின தகட்டையும் தட்டி எடுத்துத் தந்தான்.
என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டதற்குச் சிரித்தான்.
"கல்லுல ஒரைக்கத்தானே போறீங்க.
வீட்டு கேட்டுக்கு வாங்கின பெயின்ட் மிச்சம் கெடந்தா கொண்டாங்க."
நீலம் கிடந்தது.
இடதுபக்கம் முடிந்ததும் டின் முடிந்தது.
வலதுபக்கம் இன்றுவரை ப்ரைமர் சிவப்பு.

மார்கழி மழை தையிலும் விடவில்லை.
கிராம்பு பறிக்க ஒன்பது பேர்,
மடியில் சோற்று வாளி.
அதே மூன்றாம் வளைவு.
பின்சக்கரம் இலைச்சேற்றில் விட்டுப்போக
வண்டி பைய இடதுபக்கம் இறங்கியது,
தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல.

பிறகு அந்தச் சத்தம்.
பல்லில் கேட்கிற சத்தம்.

கண்ணாடியில் ரோஸிலி.
சிலுவை வரைந்த கை
நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வரும் வழியில் நின்றிருந்தது.
ஒன்பது பேரும் நானும் வாளிகளும்
கல்லின் மேல், ஒரு குழாயில் உட்கார்ந்திருந்தோம்.
பிரேக்கைத் தொடவில்லை.
முதல் கியரில் அப்படியே விட்டேன்.
கல் எங்களை முன்னிருந்து பின்வரை
தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னது.

"என்னது ஒடஞ்சு?"
"ஒண்ணும் ஒடயல்ல. அது ஒரையத்தான் வச்சது."
அவள் நம்பவில்லை.
பாதியில் நின்ற சிலுவையை முடித்துக்கொண்டாள்.

எஸ்டேட் வாசலில் குனிந்து பார்த்தேன்.
முழ நீளத்துக்கு நீலம் போய், வெள்ளை இரும்பு.
இடதுபக்கக் கதவை ஒரு விரலால் தள்ளினேன்.
சாத்தியது.
திறந்து, இன்னொரு தடவை தள்ளினேன்.

இதில் கால் வைக்காதீர்கள், இது படியில்லை என்று
முதல் நாளே சொல்லியிருந்தேன்.
ஒவ்வொருவராய் அதில்தான் கால் தூக்கி வைத்து
சேலையை முட்டுவரை ஏற்றி அட்டை பார்த்தார்கள்.
உப்புப் பொட்டலம் கைமாறியது.
சுருண்டு விழுந்த அட்டையோடு
உப்பும் ரத்தமும் அந்தக் கீறலில் சொட்டின.

மறுநாள் விடியலில் பார்த்தால்
கீறல் நெடுக மெல்லிய துரு.
கல்லால் முடியாதது.

ஒரு சின்ன டின் நீலம் வாங்கவேண்டும்,
வலதுபக்கத்துக்கும் சேர்த்து.