நாய்க்குச் சொன்னது

உருகுவேயின் வடக்கில், தக்வரெம்போவில்
முப்பத்தொரு வருடம்
மாட்டுக் கழுத்துகளில் ஊசி குத்தியவன் நான்.
கோமாரிக்கு, அடைப்பானுக்கு,
ஒரே நாளில் நானூறு மாடு.
கை நடுங்கியதில்லை.

"உனக்கா ஊசி பயம், அன்செல்மோ?"
டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாமே என்றேன்.
திரையைத் திருப்பிக் காட்டினார்:
பத்து புள்ளி நான்கு.
மழை அளவாக இருந்தால்
சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஐந்து இன்சுலின் பேனா
ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பின்னால்.
என்ன அது என்றாள் மிர்த்தா.
கம்பெனி சாம்பிள், கன்றுக்குட்டிகளுக்கு என்றேன்.
அவள் வெண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பயம் ஊசியிடம் இல்லை.
கால் முறிந்த குதிரைக்குக் கடைசியாக
நான் போடும் ஒன்று இருக்கிறது.
சொந்தக்காரர்கள் தொப்பியைக் கழற்றி
வேலிப் பக்கம் திரும்பி நிற்பார்கள்.
மாத்திரைகள் ஓய்ந்தபின் வரும் மருந்து
எனக்கு அந்த வரிசையில்தான் தெரிந்தது.
அண்ணன் ருபேனுக்கும் தொடங்கினார்கள்.
ஏழாம் வாரம் கால் போயிற்று.
அந்த ஏழு வாரத்தைத்தான் வீட்டில் எண்ணினோம்,
அதற்கு முந்தைய பதினோரு வருடத்தை
ஒருவரும் எண்ணவில்லை.

ஆகஸ்டில், தபால் நிலையத்து ஒதிலியா
ஞோக்கியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
வைக்க வைக்கத் தண்ணீர் காலியாகிறதாம்,
இரவில் நாலு தடவை கதவைப் பிறாண்டுகிறதாம்.
அந்தத் தாகம் எனக்குத் தெரியும்.

"இன்சுலினா? அப்போ முடிஞ்சுதா?" என்றாள்.

முடியவில்லை ஒதிலியா.
இதன் உடம்பு போதுமான அளவு சுரக்கவில்லை,
நாம் வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவுதான்.
நீ சரியாகத் தீனி போடவில்லை என்று
யாரும் தீர்ப்பு எழுதவில்லை.
தோலைக் கூடாரம்போல் தூக்கு. குத்து.
ரொம்ப இறங்கினால் நடுங்கும்,
ஈறில் தேன் தடவு, என்னைக் கூப்பிடு.
நாய் இன்றைக்கே பழகிவிடும்,
உனக்குத்தான் ஒரு வாரம் ஆகும்.

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு குத்தினாள்.
ஞோக்கி என் மேசையிலிருந்த பிஸ்கட்டையே
பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டியில் திரும்பும்போது
ரேடியோவை அணைத்துவிட்டேன்.
பேசியவனின் குரல் இன்னும் உள்ளே இருந்தது,
எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

இரவு, சமையலறை.
மூக்குக் கண்ணாடியோடு மிர்த்தா
துண்டுத்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள்.
"கன்றுக்குட்டி எங்கே படுக்குமாம்?" என்றாள்.

சட்டையைத் தூக்கினேன்.
மடிப்புக்குப் பஞ்சமில்லை.
பத்து யூனிட். குத்தியபின் பத்து எண்ண வேண்டும்,
ஏழில் நின்று, மறுபடி ஒன்றிலிருந்து.
கொசு அளவுகூட இல்லை.
நாலு மாதமாக இதற்கா!

மிர்த்தா எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
மிச்ச நான்கு பேனாவும்
வெண்ணெய்க்கு முன்னால் இருந்தன.