சுற்றுலா விசாவில் செய்யக்கூடியவை

திருவையாறு ஸ்டேஷனிலிருந்து வந்த
ஏட்டு வில்வநாதன் உட்காரவில்லை. டீயும் வேண்டாமாம்.
"சம்பளம் இல்லைன்னாலும் வேலை வேலைதாங்க.
சோறு போடுறீங்கள்ல? கட்டில் குடுத்திருக்கீங்கள்ல?
இந்த விசாவுல நாயைப் பார்க்கலாம்.
குளிப்பாட்டக் கூடாது."

இங்ரித்துக்குச் சொன்னேன்.
வேப்பெண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்தபடி
"தடவலாமா?" என்று கேட்கச் சொன்னாள்.
ஏட்டு யோசித்தார்.
தடவுவது பற்றி அவருக்கு உத்தரவு எதுவும் வந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து குடமுருட்டிப் படித்துறையில்
சும்மா இருந்தாள்.
இது இவ்வளவு கஷ்டமா என்றாள்.
சித்தர்களே திணறினார்கள் என்றேன்,
பதினேழு தட்டுக்குச் சோறு பிசைந்துகொண்டே.

எந்த விசா சரி என்று கேட்டு
சித்திரையில் மனு போட்டோம்.
மேட்டூர்த் தண்ணீர் வந்து
வாய்க்கால் வரை ஏறிவிட்டது.
பதில் இன்னும் கல்லணை தாண்டவில்லை.

வெந்நீர் ஊற்றி முதுகு வெந்த குட்டி,
ஆறு வாரமாய் யார் கைக்கும் சிக்காதது,
ஒரு மத்தியானம் தானாக வந்து
அவள் மடியில் தாடையை வைத்தது.

சட்டென்று இரண்டு கையையும்
மேலே தூக்கினாள்,
துப்பாக்கி முன் நிற்பவள் போல.
என்னைப் பார்த்தாள்.
நான் ஆற்றைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம்தான் தூக்கியிருப்பது.
கை மரத்து
மெதுவாக இறங்கியது,
இறங்க வேறு இடம் இல்லை.

பதிவேட்டில் அன்றைக்கு எழுதினேன்:
வேலை செய்தவர் – குட்டி.
ஊதியம் – அரை பிஸ்கட்,
மீதி அரையை எறும்பு கொண்டுபோயிற்று.