ஆறாவது கம்பி

பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
இடுப்பில் செருகிய போன்
ஒருமுறை துடித்து அடங்கிவிட்டது.
மிஸ்டு கால் என்று சொல்லவும் முடியாது,
அதில் பாதி.

கொத்தைப் போட்டேன்.
மூன்று படிவயல் ஏறினால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி.
அதன் ஏணியில் ஆறாவது கம்பியில் நின்று
மேற்கே கையை நீட்டினால்
ஒரு கோடு கிடைக்கும்.
இரண்டு கோடு கிடைத்த நாளைப் பற்றி
பூம்பாறையில் இன்னும் பேசுகிறார்கள்.

ஓடினேன்.
ஒரு செருப்பு சேற்றில் தங்கிவிட்டது,
தங்கட்டும்.
மட்டக்குதிரைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாசாணம்
"என்ன புள்ள, காட்டுமாடா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
விளக்க நேரமில்லை.
அவரும் ஓட ஆரம்பித்தார்.

"குழந்தை... வேலம்மாளா?"
என் பெயரை நடுவில் ஒடித்துக் கேட்டாள் ஒருத்தி.
அவளுக்குப் பின்னால் ஏதோ இரைச்சல்,
இயந்திரமோ மழையோ.
"உங்க அப்ளிகேஷன் பார்த்தோம். திங்கக்கிழமை காலையில..."
வர்றேங்க.
"சம்பளம் வந்து..."
வர்றேங்க.
"தங்குறதுக்கு நீங்களே..."
வந்துடறேன்.

அவள் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு முடிவதற்குள்
பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து
தொட்டியை மூடியது, கோட்டையும் தின்றது.

திருப்பி அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்கிறது.
யார், அவளா நானா?

ஏணியிலேயே நின்று யோசித்தேன்.
ஏழு இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன்.
ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டியில் கணக்கு,
பல்லடத்தில் ஒரு மில்,
கொடைக்கானலில் பல் டாக்டரிடம்
டோக்கன் கொடுக்கிற வேலை.
மற்ற நாலும் எனக்கே மறந்துவிட்டது.
இப்போது நான் வருகிறேன் என்று சொன்னது
எந்த ஊருக்கு?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று
பள்ளிக்கூடச் சுவரில் நீலத்தில் எழுதியிருக்கும்.
தூற்றிவிட்டேன், டீச்சர்.
காலடியில் விழுந்தது நெல்லா பதரா என்று
இந்த மஞ்சில் தெரியவில்லை.

அம்மா கேட்டாள், எந்த ஊருடி?
கீழே, என்றேன்.
மலையில் இருப்பவர்களுக்கு அது போதும்.
என்ன வேலை?
திங்கக்கிழமை வேலை.

மூன்று நாளாக
காலையும் மாலையும் ஏணி ஏறுகிறேன்.
போன் பேசவில்லை.
மாசாணம் மட்டும் கீழே நின்று
காட்டுமாடு போயிருச்சா என்று கேட்கிறார்.

பை கட்டியாயிற்று.
பல்லடம் என்றால் ஸ்வெட்டர் தேவையில்லை,
கொடைக்கானல் என்றால் தேவை.
அதைப் பைக்குள் வைக்காமல் கையில் எடுத்துக்கொள்கிறேன்.
எந்த ஊரானாலும்
காலை பஸ் கொடைக்கானல் வழியாகத்தான் போகிறது.
அங்கே கோடு நிறையக் கிடைக்கும்,
ஸ்டாண்டில் நின்று கேட்டுக்கொள்ளலாம்:
அக்கா, நான் எங்கே வர்றேன்னு சொன்னேன்?

ஒற்றைச் செருப்பு இன்னும் சேற்றில்தான் கிடக்கிறது.
போய் எடுக்கவில்லை.
புதுசு வாங்க வேண்டும்,
சம்பளம் எவ்வளவு என்று தெரிந்ததும்.