ஓடாத ஈகோ

கையில் இருந்தது ஓவர்டைம் பணம்,
ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட்.
அதில் இருநூறை இன்சூரன்சுக்கென்று மடித்து
பர்ஸின் இன்னொரு அறையில் வைத்தேன்,
என்னிடமிருந்தே ஒளிப்பதுபோல.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கிக்குக் கீழே மயிரிழைக் கம்பிகள்,
வெள்ளை மேலாடை, வெள்ளைக் கையுறை, வெளியே கண் மட்டும்.
எதையும் தொடாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
ஆறு வருடம் பார்த்தாயிற்று.
எதையாவது கழற்ற வேண்டும் போலிருந்தது.

"சின்ன ஸ்கூட்டர் போதும், பழசு" என்றேன்.
"வேலைக்குப் போகவா?"
"இல்ல. பிரிச்சுப் பார்க்க."
முறுக்கு அச்சைக் கழுவிக்கொண்டிருந்த யோகமலர்
ஈரக்கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜெலுத்தோங்கில் முதல் வண்டி.
இஸ்ஸாட் என்ற பையன், பத்தொன்பது இருக்கும்.
காலடியில் நீல விளக்கு, தொண்டை பெருத்த புகைக்குழாய்.
முறுக்கியதும் எதிர்வீட்டுப் பூனை மதிலேறியது.
"பவர், காக்!"
நான் குனிந்து பக்கமூடியைப் பார்த்தேன்.
திருகாணித் தலை ஒவ்வொன்றும் வழுக்கை.
எத்தனை பேர் அவசரமாய்த் திறந்தார்களோ.
இன்னொருவர் தப்புகளைத் திருத்தவே
என் ஓவர்டைம் தீர்ந்துவிடும்.

ஆயர் ஈத்தாமில் மிஸ்டர் கூ கடையில் இரண்டாவது.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
பொத்தானைத் தொட்டதும் சத்தமே இல்லாமல் ஓடியது.
நீ ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று
மலாயில் சத்தியம் செய்தார்.
அதுதான் குறை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?
விலை மூவாயிரத்து இருநூறு.
சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

மூன்றாவதைப் பார்க்க பாலிக் பூலாவுக்குப் பஸ்.
வளைவுக்கு வளைவு வயிறு புரண்டது.
திருமதி லியூவின் கொட்டகையில், டுரியான் வலைகளுக்கு அடியில்,
மூன்று வருடமாய் உட்கார்ந்திருந்தது ஒரு யாமாஹா ஈகோ.
டயர் தரையோடு தரை. பேட்டரியில் உப்புப் பூத்திருந்தது.
காற்று வடிகட்டியைத் திறந்தால் இரண்டு பல்லி முட்டை.
உதைத்தேன். உதைத்தேன்.
ஓர் இருமல்கூட இல்லை.
ஆனால் அந்தத் திருகாணிகள்!
துருவேறியிருந்தும் குறுக்குவெட்டு கூர் மழுங்காமல்,
தொழிற்சாலையில் யாரோ இறுக்கிய பிறகு
ஒரு கையும் படாமல்.

கிரானை வாங்கி, சேஸி எண்ணை விரலால் துடைத்துப் படித்தேன்.
ஒத்துப்போனது.
"உன் வீட்டுக்காரருக்கா?"
"எனக்கு."
"ஓடாதே."
"தெரியும்."
கொஞ்சம் யோசித்து நூறு குறைத்தார்,
பரிதாபத்திலா சந்தேகத்திலா தெரியவில்லை.
அறுநூற்றைம்பது.
ஒரு பை ஜாதிக்காயும் கொடுத்தார்.

லாரிக்கு எண்பது.
லிப்டில் பின்சக்கரத்தின்மேல் நிமிர்த்தினால்தான் கதவு மூடியது;
ஒன்பது மாடியும் அதைக் கட்டிப்பிடித்தபடி ஏறினேன்.
நடைபாதையில் செய்தித்தாள் விரித்தோம்.
யோகமலர் டார்ச் பிடித்தாள், திட்டிக்கொண்டே.

திருகாணிகள் இளகும்போது ஒவ்வொன்றும்
ஒரு சின்ன "க்ரீச்".
உள்ளேயிருந்து ஆறு உருளைகள்.
புதிதில் ஆறும் ஒரே எடையாம்.
முறுக்கு மாவுத் தராசில் வைத்தோம்:
பத்து கிராம், ஒன்பதேமுக்கால், மறுபடி பத்து,
ஒன்று மட்டும் எட்டு,
ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாய்.
"இதுதான் ரொம்ப உழைச்சிருக்கு" என்றாள்,
பதினான்கு வருடமாய் ஒரே லைனில் நிற்கிறவள்.
டார்ச் அதன்மேலேயே நின்றது.

லோரோங் கூலிட்டில் இலகுவான உருளை தேட வேண்டும்.
எடுப்பு வேகமாகும் என்கிறார்கள்.
ஜெட்டை மாற்றலாம், கண்ணாடியைக் குட்டையாக்கலாம்,
நிறம் மாற்றினால் கிரானிலும் மாற்ற வேண்டும்.
முதலில் ஓட வேண்டும்.

பெயர் மாற்ற ஜே.பி.ஜே.வுக்குப் பஸ்ஸில்தான் போனேன்.
என் ஈகோ வீட்டில் துண்டு துண்டாய்,
பிஸ்கட் டின்களில்.

நேற்றிரவு சூப்பர்வைசர் வந்து
எல்லோருடைய கையுறையையும் காட்டச் சொன்னார்.
நீட்டினேன். வெள்ளை, பொட்டு அழுக்கில்லை.
அவர் அடுத்தவளிடம் போனார்.
உள்ளே, ஐந்து நகத்திலும்
கறுப்பு.