பிறேக்

நாய்க்குப் பெயர் வைத்தவர் குகநேசன்.
மகாஓயாவுக்கு மாற்றலாகிப் போகிற அன்று
வாரை என் கையில் தந்து சொன்னார்:
"சொன்னாக் கேக்கும். பிறேக் எண்டு கூப்பிடுங்க."

கேக்கும். கேட்டுப்போட்டு ஓடும்.

விடிய ஐந்தரை, கல்லடி.
டொக்டர் சொன்னது முப்பது நிமிடம், நிற்காமல்.
சீனி இருநூற்றுப் பன்னிரண்டு.
முதலாவது லைட் கம்பத்தில் நின்றது நாய்.
இரண்டாவதிலும்.
மூன்றாவதை மோந்து, யோசித்து,
திரும்ப இரண்டாவதுக்கே போனது,
கையெழுத்து வைக்க மறந்த ஆள் மாதிரி.
நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி
நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுகா ஒரு பூனை.

இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்தது,
வலப்பக்கம் போனது காலுக்கிடையால் வந்தது,
வேலிக்கம்பி, நான், நாய், ஒரு முருங்கை,
எல்லாரும் ஒரே முடிச்சு.
அவிழ்த்துவிட்டவர் பாண் ஓட்டோக்காரர்.

தமிழில் நில் என்றேன்.
சிங்களத்தில் நவத்தின்ன என்றேன்.
இங்கிலீசில் ஸ்ரொப்.
மூன்றையும் சமமாய்க் கேளாமல் விட்டது.
அரச கருமமொழிக் கொள்கையை
இவ்வளவு சரியாய்க் கடைப்பிடித்த ஒருவரை
எங்கள் கந்தோரில் நான் கண்டதில்லை.

பழைய இரும்புப் பாலத்தில் வலை எறிகிறவர்கள்.
நனைந்த சாக்கில் ஜப்பான் மீன் நாலு துள்ள,
பிறேக் மூச்சைப் பிடித்தது.
எனக்கு விளங்கிற்று. வாருக்கு விளங்கவில்லை.
கொளுவி கழன்ற சத்தம் மிகச் சின்னது,
சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவு.
வாயில் மீன், வெளியே இரண்டு வால்கள் ஆட,
நாய் காத்தான்குடிப் பக்கம்.

"பிறேக்! பிறேக்!"
ஒரு ஓட்டோ சடாரென நின்றது.
பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மயிரிழையில் தப்பியது.
ஓட்டோக்காரர் இறங்கிச் சில்லைக் குனிந்து பார்த்தார்.
"பிறேக் நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி?"
நின்று விளக்க நேரமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்.
போன மாதம் இதே வீதியில் நாயில்லாமல் ஓடினேன்.
நாலு நாள்.
"என்ன கா, வீட்டில ஏதும் பிரச்சினையா?"
"ஆருக்கும் சுகமில்லையா?"
"இந்த வயசில என்னத்துக்கு?"
சைக்கிளில் ஒருவன் எதுவும் கேட்காமலே
பக்கத்தில் பக்கத்தில் வந்தான்,
பள்ளிக்கூட மதில் முடியும்வரை.
ஐந்தாம் நாள் வீட்டு ஹோலில் நடந்தேன்.
பதினொரு அடி, திரும்பு,
பதினொரு அடி.

இப்போது கொண்டை அவிழ்ந்து,
முகமெல்லாம் வியர்வை,
கையில் நாயில்லாத வார்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
"அந்தா, மில்லடியால போகுது!"
"கெதியா ஓடு மனே, திரும்புது, திரும்புது!"
பால்காரர் சைக்கிளைச் சரித்து வழி விட்டார்.
சுபஹு தொழுது வந்த இரண்டு பேர்
ஒரே நேரத்தில் வேறு வேறு திசையைக் காட்டினார்கள்.
வீதி முழுக்க என் பக்கம் நின்று கத்திற்று.
நான் வாயால் மூச்சு விட்டு,
கையை வீசி,
வெட்கமில்லாமல் ஓடினேன்.

மூன்று ஒழுங்கை, ஒரு மைதானம்.
நொச்சிமுனையில் வாழைக்குலைக் கடைக்குப் பின்னால்
மீன் முடிந்திருந்தது.
முன்னங்காலில் தலை வைத்து
நல்ல பிள்ளையாய்ப் படுத்திருந்தது பிறேக்.
முப்பத்தொரு நிமிடம்.
போன் வரைந்து வைத்திருந்த பாதை
பென்சில் பிடிக்கப் பழகுகிற பிள்ளையின் தாள்.
பாலத்தடிக்கு மீன்காசு முந்நூற்றைம்பது கடன்.

கந்தோரில் வனிதமலர் சொன்னாள்,
மச்சான் பொலிஸில நாய் பழக்கினவராம்,
ஒரு மாசத்தில திருத்தித் தருவாராம்.
பார்ப்பம் என்றேன்.
நம்பர் சொன்னாள், எழுதினேன்.
எழுதின துண்டை எங்கே வைத்தேனோ.

புதுக் கொளுவி நூற்றெண்பது ரூபாய்.
வாங்கத்தான் வேணும்,
சம்பளம் வரட்டும்.