பீடிக்குப் பத்து மாதம்

எட்டு மாசத்திலேயே இறக்கிவிடு என்றான் தேசிங்கு.
அவனுடைய பழைய நாய்
பால்பல் விழுந்த வாரத்திலேயே
முதல் முயலைக் கவ்வியதாம்.
அந்த நாய் மூன்றாவது வயதில்
மூன்று காலில் நடந்ததை அவன் சொல்வதில்லை.
நான் பார்த்திருக்கிறேன்.

பீடி என்று பெயர் வைத்ததும் அவன்தான்.
நிறம் அப்படி, ஒல்லி அப்படி,
ஒரு முனையில் எப்போதும் கனல்.
தாய் கன்னி. தகப்பன்
அத்திப்பட்டு ஸ்டேஷனில் யாரோ.

வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில்
ஊசி போடப் போனபோது கேட்டேன்,
எதற்கென்று சொல்லாமல்,
ஓடவிடலாமா என்று மட்டும்.
டாக்டரம்மா முன்னங்காலை நீட்டி
மூட்டுக்கு மேலே விரலை வைத்தார்.
இங்கே இன்னும் குருத்தெலும்பு.
ஒன்றரை வயது ஆகட்டும்,
அதுவரை திடீர்த் திருப்பம் கூடாது.

முயலிடம் இதை யார் சொல்வது?
முயல் என்றாலே திடீர்த் திருப்பம்தான்.

எலும்பு ஒரு கணக்கு என்றால் காது இன்னொன்று.
கூப்பிட்டால் வருகிறாள்,
பகலில், கையில் கருவாடு இருந்தால்.
இருட்டில் நான் அவளுக்கு வெறும் விசில்.
அந்த விசிலையும்
நிலக்கரி பெல்ட்டின் இரைச்சல் பாதி தின்றுவிடும்.

அப்புறம் இருட்டு.
எங்கள் பக்கம் அது சுலபத்தில் கிடைக்காது.
தெற்கே மணலியில் அணையாத சுடர்,
புகைபோக்கி உச்சியில் சிவப்புக் கண்கள்,
கன்டெய்னர் யார்டில் விடியவிடிய மஞ்சள்.
அமாவாசைக்கும் வானம் ஆரஞ்சு மிட்டாய்.
பிறந்து முந்நூறு இரவாகியும்
பீடி ஒரு இருட்டைப் பார்த்ததில்லை.

ஐப்பசி. மழை விட்ட மூன்றாம் நாள்.
செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுகிறேன்,
யூனிட் ட்ரிப்.
விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.
பெல்ட் நின்றது.
பதினொரு வருஷமாகக் காதில் கிடந்த இரைச்சல் போனதும்
தவளை கேட்டது.
இத்தனை நாளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் தேசிங்கு, கையில் வண்டிச் சாவி.
"இன்னாத்த யோசிச்சினு கீற?
இந்த மாறி இருட்டு இன்னொருக்கா வராது.
பாரஸ்ட்டுக்காரனுக்கும் கண்ணு தெரியாது."

சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று.
சாம்பல் குளத்துக் கரை, வேலிக்காத்தான் புதர்.
கம்பெனி ஹெல்மெட் விளக்கைப் போட்டேன்,
இரண்டு கண்கள்.
அணைத்துவிட்டேன்.
ஏன்டா என்று தேசிங்கு கத்துவதற்குள்
கயிற்றின் முனையில் கழுத்துப்பட்டை மட்டும்.
இந்த ஜாதிக்குத் தலை கழுத்தைவிடச் சின்னது.

விசில் அடித்தேன். முதல் முறையாக முழு விசில்.
கால்மணி நேரம் என்கிறான் தேசிங்கு,
எனக்கு அது ஒரு ஷிஃப்ட்.
முழங்காலில் ஒரு மூக்கு வந்து இடித்தது.
உடம்பெல்லாம் சாம்பல். வாயில் ஒன்றுமில்லை.

காலையில் தனியாகப் போய்ப் படித்தேன்.
ஈரச் சாம்பல் எதையும் மறைக்காது.
முயல்: இரண்டு நீளம், பின்னால் இரண்டு புள்ளி.
பக்கத்திலேயே பீடி,
நாலு காலும் ஒரே குத்தாக,
அடுத்த குத்து எட்டடி தள்ளி,
அதற்கடுத்தது பத்தடி.
இப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது.
சாம்பல் குழாய் அருகே முயல் சடாரென்று இடப்பக்கம்.
பீடி திரும்பவில்லை.
நேரே போய், குத்துகள் நெருங்கி,
உட்கார்ந்த அச்சு.
அதன் பின்னால்
வால் தேய்த்த ஒரு விசிறி.

என் விசில் எட்டிய இடமா அது,
மூட்டு போதும் என்ற இடமா,
அவளும் தவளையைக் கேட்ட இடமா.
"பயந்துட்டா" என்கிறான் தேசிங்கு.

பட்டையில் இன்னொரு ஓட்டை போட்டேன்.
ஒன்றரை வயது ஆனியில் வருகிறது.
காலண்டரில் கோடு எதுவும் போடவில்லை.
விளக்கு எங்கே என்று கேட்டவனிடம்
ஸ்டோரில் கொடுத்துவிட்டேன் என்றேன்.
கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது.
அதன் வாரில் தாடையை வைத்துப்
பீடி தூங்குகிறாள்.