பக்கத்தில் கேள்

நார்த் பே. பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
வெள்ளைப் பலகையில் வடக்கு ஒன்ராறியோவை
ஒரு கோணல் கோடாக இழுத்திருக்கிறேன்.
கோட்டின் மேல் கிளைகள்:
டிமின்ஸ், காக்ரன், கப்புஸ்கேசிங், ஹெர்ஸ்ட்.
கோட்டை விட்டு விலகி
ரயில் மட்டும் போகிற மூசனி.

நான்கு ஜிபி அப்டேட்.
ஹெர்ஸ்டில் பதினொரு கணினிகள்.
இன்றுவரை பதினொன்றும் தனித்தனியே
தலைமையகத்தின் கதவைத் தட்டுகின்றன,
அந்த நூலிழை இணைப்பில்
பதினொரு முறை அதே பொட்டலம்.
பலகையும் ஆணியும் வாங்க வந்தவர்
ரசீதுக்காக ஆறு நிமிடம்
கையுறையைக் கழற்றி மாட்டுகிறார், கழற்றி மாட்டுகிறார்.

புதிய மென்பொருள் சொல்வது இவ்வளவுதான்:
ஒருவர் போய் வாங்கி வா,
மற்றவர் பக்கத்தில் கேள்.
முழுசாக வேண்டாம், கையிலுள்ள துண்டு போதும்.
பதினேழு உன்னிடம் இருக்கிறதா?
இந்தா, என்னிடம் நாற்பது.

முன்னோட்டத்துக்கு டிமின்ஸ் போதும் என்கிறார் ஜீல்.
தடித்த இணைப்பு, நாற்பது கணினி, அழகான வரைபடம்,
மேலே காட்ட வேறென்ன வேண்டும்?
வேண்டாம்தான்.
நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்து
குணமாகிவிட்டான் என்று எழுதிவிடலாம்.

கப்புஸ்கேசிங்கைச் சேர்த்தேன்.
அங்கே இரவு பத்துக்கு உகெட் வருவார்.
கூட்டித் துடைத்து
மேசை மேசையாக ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார்.
யாரும் சொல்லிச் செய்வதில்லை;
ஆளில்லாத இடத்தில் எரிவது வீண் என்பது அவர் கணக்கு.
எல்லாத் துண்டும் வைத்திருக்கும் கணினி
கொடுக்க வேண்டிய நேரத்தில் செத்துக் கிடக்கும்.
மூன்றாம் பக்கத்தில்
'தொழில்நுட்பத் தேவைகள்' என்பதன் கீழ் எழுதினேன்:
உகெட்டிடம் பேச வேண்டும். பிரெஞ்சில்.

பிறகு விபிஎன்.
வீட்டிலிருந்து நுழைகிறவர்கள் எல்லாரும்
ஒரே தெருவில் குடியிருப்பதாகக் காட்டும்.
ஒருத்தி சட்பரியில், ஒருவன் ஏரிக்கு அப்பால்.
அண்டை வீடு என்று மென்பொருள் நம்பிவிடும்,
துண்டு கேட்டு நானூறு கிலோமீட்டர் போகும்.
அவர்களை விலக்க ஒரு வரி.
அந்த ஒரு வரிக்கு எனக்கு அரை நாள்.

கடைசியில் மூசனி.
அங்கே இருப்பது ஒரே கணினி.
'பக்கத்தில் யாருமே இல்லையே,
அங்கே எதைச் சோதிப்பாய்?'
அதைத்தான், ஜீல்.
யாராவது இருக்கிறீர்களா என்று
எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்,
எப்போது நிறுத்திவிட்டு
தானே எழுந்து வாங்கப் போகும்?

லொரெய்ன் வெஸ்லிக்கு போன் செய்து விளக்கினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
'என் லைன் போனால் எதிரே மருந்துக்கடைக்குப் போவேன்.
அவர்கள் பிரிண்டரில் மை தீர்ந்தால் இங்கே வருவார்கள்.
இதை இப்போதுதான் கண்டுபிடித்தீர்களா?'
சிரித்தார். நானும்.
பின்னால் ஒரு கெட்டில் விசிலடித்தது.

மார்ச் பதினொன்று, செவ்வாய் என்று வைத்திருக்கிறோம்.
சம்பள நாள் இல்லை, மாதக் கடைசி இல்லை.
தவறினால் பழையபடி திரும்ப நாற்பது நிமிடம்.
வெற்றியின் அளவுகோல் என்ற பத்தியில்
டிமின்ஸுக்கு எண்பது சதவீதம்,
ஹெர்ஸ்டுக்கு ஒரு நிமிடத்துக்குள் ரசீது,
மூசனிக்கு:
லொரெய்னுக்கு எதுவும் தெரியாதிருத்தல்.

ஜீல் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.
இதை எப்படி அளப்பாய்?
தெரியவில்லை என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.